ரோட்டைப் பார்த்த ஒலிபெருக்கி

மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு யோகலட்சுமி என்னைப் பார்த்தாள்.

திங்கட்கிழமைக் காலை பிரேயர். எதிரே சமணர் மலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் வலது பக்கத்தில் கல்வி அலுவலர் நின்றார். முன்கூட்டிச் சொல்லாமல், மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். "நீங்க நடத்துங்கம்மா, நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றார். சும்மா பார்க்க வந்த அதிகாரியை என் சர்வீஸில் நான் கண்டதே இல்லை.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. உறுதிமொழி முடிந்தது. குறள் சொல்ல வந்த ஏழாம் வகுப்புப் பையன் பாதியில் மறந்து, திரும்ப ஆரம்பித்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தான். அடுத்தது செய்தி வாசிப்பு. நாளிதழில் இருந்து நாலு தலைப்புச் செய்திகளை யோகலட்சுமி வாசித்துவிட்டாள். மிச்சம் இருந்தது பள்ளிச் செய்தி மட்டும்தான்.

அதை அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குத் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றவர்களுக்கும் தெரியும். வாசிக்கவா, வேண்டாமா என்று கண்ணாலேயே கேட்டாள்.

அவளை மைக் முன்னால் அப்படியே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் வளவளப்பு இதற்குள் பழகியிருக்கும். போன வாரம் ஒரு வாசகர் போன் செய்து, "டீச்சர், நீங்க மதுரைக்குள்ள இருந்து கெளம்பி மதுரைக்கே வர்றதுக்கு எம்புட்டு ஊரு சுத்துறீங்க" என்றார். அவர் இந்த வாரமும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாண வீட்டுப் பழக்கம்

வில்லாபுரத்து வீட்டில் இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மாறி மாறிப் போய் அந்தப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாகச் சேர்ந்த புதிது. கீழக்குயில்குடிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி. பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மைக் செட்டும், கூம்பு ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுத்தார்கள். கட்ட வந்தவர் உள்ளூர் சவுண்டு சர்வீஸ்காரர். பெயர் மாரிமுத்து.

கட்டி முடித்துவிட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஒலிபெருக்கி மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்கிறது.

"என்னண்ணே, பிள்ளைக இங்கிட்டு நிக்கிது, நீங்க அங்கிட்டுப் பாத்துக் கட்டிட்டீங்களே" என்றேன்.

"விசேச வீட்டுல ரோட்டப் பாத்துத்தான டீச்சர் கட்டுவோம். அப்பத்தான நாலு பேருக்குத் தெரியும்?"

"இது விசேச வீடாண்ணே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பழக்கதோசம் டீச்சர். கை அங்கிட்டே போயிருச்சு. நாளைக்கு வந்து திருப்பிக் கட்டிர்றேன்" என்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவர் போனவர்தான்.

ஆக, எங்கள் பிரேயர் ஊர்ச் சொத்தாகிவிட்டது. ரோட்டுக்கு எதிரே பாண்டியண்ணன் டீக்கடை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இன்னைக்கு எட்டாப்புப் பய குறள்ல ஒரு வார்த்தைய முழுங்கிட்டான்ல டீச்சர்?" என்று கேட்பார். எனக்கு முதலில் மானம் போகிற மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பள்ளிச் செய்தி என்பது நான் கொண்டுவந்த வழக்கம். பிள்ளைகள் நாளிதழில் இருந்து 'பணவீக்கம்' என்று வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் யாருக்கோ உடம்பில் வீக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் தினமும் நம் பள்ளிச் செய்தி ஒன்று சேர்த்து வாசிக்க வேண்டும் என்றேன். கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும், யாரையும் திட்டக் கூடாது, இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான் விதி.

'வேப்பமரத்தின் வடக்குக் கிளையில் தேன்கூடு இருக்கிறது. யாரும் கல் எறிய வேண்டாம்.' இது ஒரு நாள். 'ஏழாம் வகுப்பு மின்விசிறி சத்தம் போடுகிறது. பாடம் கேட்கவில்லை.' இது இன்னொரு நாள். மின்விசிறியை அன்றைக்கே ஆள் வைத்துச் சரிசெய்தேன். செய்யாவிட்டால் சாயங்காலம் பாண்டியண்ணன் கேட்பாரே.

நம்பர் வந்த பேப்பர்

பத்திரிகை மேல் எனக்கு அதுவரை பெரிய பிரியம் எதுவும் கிடையாது. பயம் உண்டு.

நான் பத்தாம் வகுப்பு எழுதிய காலத்தில் தேர்வு முடிவு பேப்பரில்தான் வரும். பக்கம் பக்கமாக வெறும் எண்கள். எங்கள் தெருவில் ஒரே ஒரு பேப்பர், அதைச் சுற்றி ஒரு கும்பல். எங்கப்பா விரலை எச்சில் தொட்டு வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக இறங்குகிறார். என் எண்ணைத் தாண்டிப் போய்விட்டார். நான் அழ ஆரம்பித்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் "அண்ணே, இங்கன இருக்குண்ணே" என்று மேலே ஒரு வரியைக் காட்டினார். அந்த நிமிஷத்துப் பயம் பல வருஷம் போகவில்லை. பேப்பர் என்றாலே அதுதான் ஞாபகம் வரும்.

ஆசிரியை ஆன பிறகும் பேப்பர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சமயம்தான் வரும். தேர்வு முடிவு அன்றைக்குப் பெண் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் ஒண்ணா குதிங்கம்மா" என்று படம் எடுக்க. இல்லாவிட்டால் சுற்றுச்சுவர் விழுந்தால். நடுவில் ஒருவர் வந்தார். பெயரளவில் ஏதோ ஒரு பத்திரிகை. சொந்தக்காரப் பையனுக்கு பிளஸ் ஒன் சேர்க்கை கேட்டார். இடம் இல்லை என்றதும், "பேப்பர்ல போட்டுருவேன்" என்றார். எதைப் போடுவார் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

இப்படிப்பட்ட என்னிடம்தான் தவசி வந்து சேர்ந்தார்.

தவசி

தவசிக்கு நாற்பதை ஒட்டிய வயது. மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. மதுரையில் ஒரு நாளிதழில் கல்விச் செய்திகள் எழுதுகிற நிருபர். தேய்ந்த டயர் வண்டி, வெளுத்த சட்டை. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பதில் வரும்வரை காத்திருப்பார். அந்த அமைதி தாங்காமல் நாமாகப் பேசிவிடுவோம். பேசி முடித்ததும், "நீங்க சொன்னது இதுதான டீச்சர்?" என்று நாம் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுவார். இல்லை என்றால் நோட்டில் எழுதியதை அங்கேயே அடித்துவிடுவார்.

மலை மேல் சமணப் படுக்கைகளில் யாரோ பெயர் கிறுக்கியிருந்ததைப் பற்றி எழுத வந்தவர், இறங்கி வந்து பாண்டியண்ணன் கடையில் டீ குடித்திருக்கிறார். அன்றைக்குத்தான் தேன்கூடு செய்தி. டீ கிளாஸை வைத்துவிட்டு நேரே ரோட்டைக் கடந்து வந்தார்.

"தேன்கூடு செய்தி எழுதுன பிள்ளை யாரு டீச்சர்? எங்க இருக்கு, என்ன செய்யக் கூடாது, ரெண்டும் ரெண்டு வரியில இருக்கு. எங்க ஆபீஸ்ல இப்படி எழுதுற ஆளு கொறைச்சல்."

அந்தப் பிள்ளை யோகலட்சுமி. அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நிருபர் பாராட்டியதைச் சொன்னதும் வெட்கப்பட்டுக்கொண்டு வகுப்புக்குள் ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தவசி பிரேயர் நேரத்துக்கு டீக்கடையில் நிற்பார்.

இருக்கிறார், ஆனால் இல்லை

மறு வருஷம் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு எங்கள் கணக்கு ஆசிரியர் பாலமுருகனுக்கு மாற்றுப்பணி உத்தரவு வந்தது. கல்வி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பள்ளி விவரங்களைப் பதிய ஆள் இல்லையாம். இவருக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வரும். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேடிக்கை எங்கே என்றால், ஆள் போனாலும் பணியிடம் எங்களோடுதான் இருந்தது. சம்பளம் எங்கள் பள்ளியில். பெயர் எங்கள் பள்ளியில். ஆகவே எங்களிடம் காலிப்பணியிடம் இல்லை. காலியிடம் இல்லாததால் வேறு ஆள் தர முடியாது. எழுதிக் கேட்டேன், நேரில் போய்க் கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா" என்றார்கள். எங்கள் துறையில் பாடப்புத்தகத்தைவிட அதிகமாகப் புழங்குகிற சொல் இதுதான்.

எப்படி அட்ஜஸ்ட் செய்வது? நான் வரலாறு படித்தவள். பத்தாம் வகுப்புக் கணக்கை நான் எடுத்தால் நானும் பிள்ளைகளும் சேர்ந்துதான் முழிக்க வேண்டும். இருந்த இன்னொரு கணக்கு ஆசிரியைக்கு மேல் வகுப்புகளே முதுகை ஒடித்தன. கணக்குப் பாடவேளையில் பத்தாம் வகுப்பு மைதானத்துக்குப் போனது. பி.டி. மாஸ்டருக்கே சங்கடம். "இந்த வருசம் கபடியில நம்மதான் டீச்சர்" என்று சிரிக்காமல் சொன்னார்.

பாலமுருகன் சார் போன் செய்வார். "டீச்சர், கணக்கு வாத்தியார்னு கூட்டியாந்து நம்பர் அடிக்க விட்டுருக்காங்க. பிள்ளைக என்ன பண்ணுது?" அவர் குரலில் அழுகை இருந்தது.

யோகலட்சுமி ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், கணக்குல மார்க் வரலேன்னா பிளஸ் ஒன்ல கணக்கு குரூப் தர மாட்டாங்கள்ல?" என்று கேட்டாள். நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவளுக்கும் அது போதவில்லை போலிருக்கிறது.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புக்கு அந்த மாத வாசிப்பு முறை வந்தபோது அவள் மைக்கைப் பிடித்தாள்.

"பள்ளிச் செய்தி. பத்தாம் வகுப்புக்கு நேற்றும் கணக்குப் பாடம் நடக்கவில்லை."

மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும் அதே. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, வாசிச்சதையே வாசிக்கிற?"

"நடக்கலையே டீச்சர். பாத்ததத்தான எழுதச் சொன்னீங்க?"

என் விதியை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வரி தினமும் ஒலிபெருக்கி வழியாக ரோட்டுக்குப் போனது, டீக்கடைக்குப் போனது, அங்கே நின்ற தவசியின் காதுக்கும் போனது.

அவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். எனக்குப் பகீர் என்றது.

"தம்பி, நான் உங்ககிட்ட ஒண்ணும் பேசக் கூடாது. கவர்மெண்டு ரூலு" என்றேன்.

"தெரியும் டீச்சர். உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கவும் போறதில்ல. டீக்கடையில நின்னு கேட்டது, ரோட்டுல நின்னு பாத்தது, பிள்ளைகளப் பெத்தவங்க சொன்னது, ஆபீஸ் சொல்றது. அம்புட்டுத்தான் எழுதுவேன். நீங்க உள்ள போங்க."

சொன்னபடி ரோட்டில்தான் நின்றார். கணக்குப் பாடவேளையில் பத்தாம் வகுப்பு கபடி ஆடுவதை வெயிலில் நின்று நாள் கணக்கில் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை

செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வில்லாபுரத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். கூட வேலை பார்க்கிற ஆசிரியை போனில், "டீச்சர், பேப்பர் பாத்தீங்களா? உங்களத் தூக்கிருவாங்க போல இருக்கே" என்றாள். மீன்காரம்மா, "என்ன தாயி, வெட்டவா வேணாமா?" என்று கேட்க, மீனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வருவதற்குள் அலுவலரின் போன்.

"யாரும்மா அந்த நிருபர்கிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லலீங்கய்யா."

"பின்ன எப்பிடித் தெரியும்?"

"ஸ்பீக்கர் ரோட்டப் பாத்து இருக்குங்கய்யா."

டக்கென்று போன் வைக்கப்பட்டது. உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் நக்கல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அன்றைக்கு முழுக்கப் பயந்தே செத்தேன். எனக்கு ஓய்வு பெறச் சொற்ப காலம்தான் இருந்தது. எங்காவது தூரமாக மாற்றினால் போகலாம், அது பெரிய விஷயம் இல்லை. எனக்குப் பதிலாக வருகிறவர் முதல் வேலையாகப் பள்ளிச் செய்தியைத்தான் நிறுத்துவார். கேட்க நாதி இல்லாமல், கணக்கும் இல்லாமல், அந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதப் போவார்கள். அதை நினைத்துத்தான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இப்போது திங்கட்கிழமைக்கு வந்துவிட்டோம்.

யோகலட்சுமி என்னைப் பார்க்கிறாள். அலுவலர் அவளைப் பார்க்கிறார். அந்த நிமிஷத்தில் வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டியிருந்தால், அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்காது. நான் தலையை ஆட்டினேன்.

"பள்ளிச் செய்தி. பத்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமையும் கணக்குப் பாடம் நடக்கவில்லை. நன்றி, வணக்கம்."

சொன்னது சொன்னபடி

அலுவலர் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். "நெசமாவே ரோட்டப் பாத்துத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார்.

என் அறைக்கு வரவில்லை. நேரே பத்தாம் வகுப்புக்குப் போனார். யோகலட்சுமியை எழுப்பி முதல் பாடத்தில் ஒரு கணக்குக் கொடுத்தார். கரும்பலகையில் மளமளவென்று போட்டாள். புத்தகத்தின் பின்பாதியில் இருந்து ஒன்று கொடுத்தார். சுண்ணாம்புக் கட்டியோடு அப்படியே நின்றாள்.

"ஏம்மா, தெரியலையா?"

"அதுக்கு முன்னாடியே சார் போயிட்டாங்க ஐயா."

அவர் அவள் கையில் இருந்து சுண்ணாம்புக் கட்டியை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

என் அறையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் பையில் இருந்து அந்தச் செய்தித் துண்டை எடுத்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"உக்காருங்கம்மா. இந்தாளு நான் போன்ல சொன்னத ஒரு எழுத்து மாத்தாமப் போட்டுருக்காரு. 'ஆசிரியர் அலுவலகத்தில் பணிபுரிந்தாலும் பள்ளியில் இருப்பதாகவே கருதப்படுகிறார். எனவே மாணவர்களுக்குப் பாதிப்பு இல்லை.' சொல்லும்போது சரியாத்தான் இருந்துச்சு. பேப்பர்ல படிச்சிட்டு எங்க வீட்டம்மா சிரிக்கிது. 'அப்ப நீங்க ஆபீஸ்ல இருந்தாலும் வீட்டுல இருக்கிறதாத்தான் நெனச்சுக்கணுமா'ங்குது."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன்.

"திட்டி எழுதியிருந்தா மறுப்புக் குடுத்துருப்பேம்மா. இதுக்கு என்னத்த மறுப்புக் குடுக்க? சொன்னது நான்தான" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே இருந்து விவரம் கேட்டுத் தினமும் நெருக்கடி. தவசி அவரை வில்லனாக்கவில்லை. என்னைத் தியாகி ஆக்கவும் இல்லை. என் பெயரே அதில் இல்லை. கபடி ஆடுகிற பிள்ளைகள், பெற்றவர்கள், அலுவலகத்தின் பதில், அவ்வளவுதான் செய்தி. 'பேப்பர்ல போட்டுருவேன்' என்று மிரட்டியவரையும் பார்த்தவள் நான். மிரட்டாமல், நிஜமாகவே போட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

சந்தோஷத்தைக் கெடுக்க வந்தவர்

அந்த வாரமே பாலமுருகன் சார் திரும்பி வந்தார். பிள்ளைகள் கைதட்டின தட்டில் பக்கத்து வகுப்பெல்லாம் எழுந்து வந்துவிட்டது. நான் கேசரி செய்யச் சொல்லி டீக்கடைக்கும் கொடுத்தனுப்பினேன்.

தவசி வந்தார். முகம் தொங்கிப்போய் இருந்தது.

"என்ன தம்பி, நீங்கதான் மொதல்ல சந்தோசப்படணும். இனிமே 'செய்தி எதிரொலி'ன்னு கட்டம் கட்டிப் போடுவீங்கல்ல?" என்றேன். நம்ம ஊர் நாளிதழ்களில் அது ஒரு வழக்கம். தாங்கள் எழுதி ஒரு காரியம் நடந்துவிட்டால் மறுநாளே எதிரொலி என்று பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள்.

"ஆபீஸ்ல போடச் சொன்னாங்க. வேணாம்னுட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"பாலமுருகன் சார் ஒக்காந்திருந்த சேர்ல இப்ப யாரு இருக்கா தெரியுமா? மேக்க இன்னொரு பள்ளிக்கூடத்து சயின்ஸ் சார். அங்கயும் பத்தாப்பு இருக்கு."

கையில் கேசரித் தட்டோடு நின்றேன். எனக்கு வந்த கோபம் அவர் மேல் பாய்ந்தது. "தம்பி, ஒரு நாளாச்சும் சந்தோசமா இருக்க விட மாட்டீங்களா? எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் நான் பொறுப்பா?"

"இல்ல டீச்சர், நீங்க பொறுப்பில்ல. எதிரொலின்னு நான் போட்டா கத முடிஞ்சுபோச்சுன்னு ஆயிரும். முடியல. அதத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். வாரேன்."

கேசரியைத் தொடாமலே போய்விட்டார். என்னாலும் சாப்பிட முடியவில்லை. அந்த சயின்ஸ் சாரின் பிள்ளைகள் இப்போது என்ன விளையாடிக்கொண்டிருக்கும் என்றுதான் மனசு போனது.

தவசி அந்தப் பள்ளிக்குப் போனார். அடுத்த வாரம் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. வாரத்துக்கு ஒரு செய்தி, எல்லாம் அதே மாதிரி. பார்த்தது, கேட்டது, அலுவலகம் சொன்னது. அலுவலகத்தின் பதில் வாரா வாரம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் நின்றது.

பசுமலைக் கூட்டம்

தலைமையாசிரியர்கள் கூட்டம் பசுமலையில் ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. இந்தக் கூட்டங்களைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். மேடையில் இருந்து, "யாருக்கும் ஏதும் குறை உண்டா?" என்று கேட்பார்கள். "எல்லாம் நல்லா நடக்குதுங்கய்யா" என்று நாங்கள் கோரஸாகச் சொல்வோம். பிறகு வடையும் டீயும். என் சர்வீஸ் முழுக்க அந்தக் கோரஸில் என் குரலும் உண்டு.

அன்றைக்கும் கேட்டார்கள். கோரஸ் எழும்பியது. நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, என் பள்ளிக்கூடத்துல கணக்கு நடக்குது. அதுக்கு நன்றி. ஆனா என் பிள்ளைகளுக்குக் குடுத்தத இன்னொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்ட்ட இருந்து எடுத்துத்தான் குடுத்துருக்காங்க. அது எனக்குச் செரிக்கலங்கய்யா."

பின்னால் இரண்டு வரிசை தள்ளி ஒரு தலைமையாசிரியர் எழுந்தார். நரைத்த தலை. "அந்தப் பள்ளிக்கூடம் என்னோடதுங்கய்யா" என்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா எழுந்தார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தவசி எழுதிய பள்ளிகள் அத்தனையும் அங்கே நின்றன. எழுதாத பள்ளிகளும் நின்றன.

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அவர் வாரா வாரம் எழுதியதில், இது என் ஒருத்தியின் குறை இல்லை என்று தெரிந்துவிட்டது. ஊரே பேப்பரில் படித்ததை மேடைக்கு முன்னால் எழுந்து சொல்ல எந்த விதியும் தடுக்காது. அதே நேரம், நாங்கள் எழுந்து நிற்காவிட்டால் அவர் எழுதியதும் பஜ்ஜி மடிக்கப் போயிருக்கும். அவர் வேலை ரோட்டோடு முடிந்தது. அதற்கு மேல் எங்கள் வேலை.

அலுவலர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "மேல எழுதுறேன்" என்றார். கூட்டம் முடிந்து போகும்போது என் பக்கத்தில் வந்து, "ஸ்பீக்கரத் திருப்பிக் கட்டலையாம்மா?" என்று கேட்டார். கோபமா, கேலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாளில் சுற்றறிக்கை வந்தது. பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளின் ஆசிரியர்களை அலுவலகப் பணிக்கு எடுக்கக் கூடாது, எடுத்தவர்களை உடனே திருப்பி அனுப்ப வேண்டும், விவரப் பதிவுக்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். நான் அதை நின்றுகொண்டே படித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பி.டி. மாஸ்டர் பார்த்துவிட்டார்.

தவசி அதை உள்பக்கத்தில் சின்னச் செய்தியாகப் போட்டிருந்தார். 'எதிரொலி' என்ற சொல்லே அதில் இல்லை.

கடைசிச் செய்தி

ஆண்டு விழாவில் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம் என்று கூப்பிட்டேன்.

"சால்வையப் போத்திக்கிட்டா நாளைக்கு உங்க பள்ளிக்கூடத்தப் பத்தி நான் எப்பிடி டீச்சர் எழுதுறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாளைக்கு நானே தப்பு செய்தால் என்னையும் எழுதுவார் என்று புரிந்தது. அது புரிந்த பிறகு அவர் மேல் மரியாதை இன்னும் கூடத்தான் செய்தது.

மாரிமுத்து அண்ணன் அந்த வருஷ மாசிக் களரிக் கோயில் திருவிழாவுக்கு சவுண்டு செட் கட்ட வந்தவர், ஞாபகம் வந்து ஏணியோடு பள்ளிக்குள் நுழைந்தார். "திருப்பிக் கட்டிரவா டீச்சர்?" என்று கேட்டார். "கெடக்கட்டும்ணே, அங்கிட்டே பாக்கட்டும்" என்றேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பத்தாம் வகுப்புக்குப் படிப்பு விடுமுறை விடுவதற்கு முன் கடைசியாக யோகலட்சுமிக்கு வாசிப்பு முறை வந்தது. காலையிலேயே என் அறை வாசலில் வந்து நின்றாள். கை விரலெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"டீச்சர், எழுத ஒண்ணும் இல்ல. ரொம்ப யோசிச்சுப் பாத்துட்டேன்."

"பாத்தத எழுதும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பிரேயரில் தலைப்புச் செய்திகளை வாசித்தாள். தாளைத் திருப்பினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தவசி கையில் டீ கிளாஸோடு நிற்பது கேட் வழியாகத் தெரிந்தது.

"பள்ளிச் செய்தி. பத்தாம் வகுப்புக்கு நேற்று கணக்குப் பாடம் நடந்தது. வேறு செய்தி எதுவும் இல்லை. நன்றி, வணக்கம்."

தவசி மிச்சம் இருந்த டீயைக் குடித்தார். கிளாஸைப் பாண்டியண்ணனிடம் கொடுத்துவிட்டு, வண்டியை உதைத்து, எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் மேற்கே போனார். அங்கே இன்னும் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் இருந்தன.